சித்திரையில் வேகும் பருப்பு

1966 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. கடல்காற்று இன்னும் எழவில்லை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டி நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து, சொந்த வீடு தேடி அப்பா, அம்மா, நான் மூவரும் மாட்டுவண்டியில் கிளம்பினோம். வைகாசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். மூன்று ஞாயிறுகளில் ஐந்து வீடுகள் பார்த்தாகிவிட்டது. எனக்கு வயது ஒன்பது. இதெல்லாம் என் பழைய நோட்டில் இருக்கிறது. எதையும் எண்ணிக் குறித்து வைக்கும் வியாதி எனக்கு அப்போதே உண்டு.

அதே நோட்டில் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய பட்டியலும் இருக்கிறது. கிழக்குப் பார்த்த வாசல், நாட்டு ஓடு, தேக்குக் கதவு, பஸ் போகும் சாலை, மதில், மாட்டுக்கொட்டகை, சண்டைக்கு வராத அக்கம்பக்கம், அப்பா மூட்டை எடை போடும் உப்பளம் ஒரு மைலுக்குள், ஆக எட்டு. ஒன்பதாவது என்னுடையது: மொட்டை மாடி வேண்டும், அதில் ஏறினால் உப்புக் குவியலும் கடலும் தெரியவேண்டும். ஓட்டு வீட்டில் மொட்டை மாடி எங்கிருந்து வரும் என்று அப்பாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அம்மாவைக் கேட்டபோது, "பருப்பு வேகணும்" என்றாள்.

"நான் ஊட்டப் பத்திக் கேட்டா இவ அடுப்ப சொல்றா!" என்று அப்பா சிரித்தார். "சரி, எழுதிக்கடா. பத்தாவதா போட்டுக்க."

இதை இன்று எழுதக் காரணம் என் மகள். வீடு வாங்கப் போகிறவள், போனில் இருபத்திரண்டு விருப்பங்களைக் குறித்து வைத்திருக்கிறாள். அதில் தண்ணீரைப் பற்றி ஒன்றுமில்லை.

உப்புத்தண்ணீரில் துவரம் பருப்பு மலராது. எவ்வளவு விறகு வைத்தாலும் கல் கல்லாகவே கிடக்கும். அம்மா முந்தானையில் பருப்பை முடிந்துகொண்டு வருவாள். ஒவ்வொரு வீட்டிலும் அப்பா உத்தரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வீட்டுக்காரியிடம் அடுப்பை இரவல் கேட்டு, அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பிடி போட்டு வேகவைப்பாள். அப்பாவுக்கு மானம் போகும். நான் அவருடைய கைக்கடிகாரத்தை வாங்கி நேரம் பார்ப்பேன்.

அன்று முதலில் பார்த்தது அனுமந்தை வழியில் இருந்த ஆறாவது வீடு. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தளம் போட்ட மாடி! நான் ஏறி நின்றேன். உப்புக் குவியல்கள் நாற்பத்தொன்று வரை எண்ணினேன். அதற்குப் பின்னால் கடல். ஒன்பது நிபந்தனைகளும் பொருந்தின. அப்பா அட்வான்சுக்காக இடுப்பு முடிச்சைத் தொட்டுவிட்டார்.

ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. பருப்பு சரளைக்கல் மாதிரி கிடந்தது.

"உங்க பருப்பு பழசும்மா" என்றார் வீட்டுக்காரர். "ஐப்பசில வந்து பாருங்க. தண்ணி கல்கண்டா இருக்கும்."

"ஐப்பசில எங்க ஊட்டுக் கிணறும் கல்கண்டுதாங்க. சித்திரைல நாங்க தண்ணி குடிக்க வாணாமா?" என்றாள் அம்மா.

அப்பா முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். நான் அழுதேன்.

ஏழாவது வீடு பெருமுக்கல் போகும் சாலையில், உப்பளத்திலிருந்து நாலு மைல் உள்ளே. தெற்குப் பார்த்த வாசல். மாடி, மதில், கொட்டகை, தேக்குக் கதவு எதுவும் இல்லை, ஓட்டில் பதினாலு ஓட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்பளத்துப் பிள்ளைகளின் டவுசர் பையில் மாங்காய்க்கென்று உப்புக்கல் எப்போதும் இருக்கும். அம்மா வீட்டுக்காரியோடு பேசத் திரும்பியபோது அத்தனையையும் பருப்புச் சட்டியில் போட்டேன்.

நாற்பது நிமிடம். வேகவில்லை. எனக்கு உள்ளுக்குள் குதூகலம். அம்மா கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். என் டவுசர் பையைப் பார்த்தாள். சட்டியைக் கொல்லையில் கவிழ்த்துக் கழுவிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"போய் நீயே சேந்திக்கினு வா."

கிணற்றில் சேந்தினேன். பயத்தில் ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். இரண்டாவது பிடி இருபத்தாறு நிமிடத்தில் மலர்ந்துவிட்டது.

"ஏம்மே, வாசல் தெக்கால பாக்குதே" என்றார் அப்பா.

"பாக்கட்டும்."

"ஒழுகுதே."

"ஓட்ட மாத்திக்கலாம். மதிலு அடுத்த வருசம் வெச்சிக்கலாம். உங்களுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக்கலாம். தண்ணிய எந்தக் கடையில வாங்கி மாத்துவீங்க?"

அப்பா நோட்டை வாங்கி ஒவ்வொன்றாக அடித்தார். அக்கம்பக்கமும் பஸ் சாலையும் பத்தாவதும் மட்டும் மிஞ்சின.

வைகாசி முதல் வாரத்தில் குடிபோனோம். முதல் நாள் காலை அம்மா ஒரு குடம் சேந்தி வைத்துவிட்டு, கிணற்றுக் கட்டையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். பதினொரு நிமிடம். உடம்புக்கு ஆகவில்லையோ என்று நான் பயந்து அப்பாவைக் கூப்பிட ஓடினேன்.

பழைய வீட்டிலிருந்து, நல்ல தண்ணீர் எடுக்கும் ஏரிக்கரைக் கிணறு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. அதை நான் எண்ணியிருந்தேன். அம்மாவுக்குத் தினம் ஆறு குடம். மழை மாதம் மூன்றைக் கழித்தாலும், நான் பிறந்த நாளிலிருந்து பதினாலாயிரத்து ஐந்நூற்று எண்பது குடம். அதை எண்ண வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாளை மகளோடு வீடு பார்க்கப் போகிறேன். அவளுடைய இருபத்திரண்டில் எதை அடிப்பது என்று சொல்லப்போவதில்லை. சட்டைப்பையில் ஒரு பிடி பருப்பு மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் இருப்பது: வீடு மூவாயிரத்து நானூறு. பத்திரச் செலவு இருநூற்று முப்பத்தெட்டு. வண்டிக் கூலி பதினொன்று. ஏழு வீட்டில் எட்டுப் பிடி பருப்பு, அறுபது பைசா. (அதில் ஏழரைப் பைசா என் உப்பால் வந்தது என்பது என் கணக்கு.) ஆக மொத்தம் மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய் அறுபது பைசா.