நைட் ஷிப்ட் வாரத்துப் பவளம்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வெறுங்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. ஒருமுறை நொண்டிப் புறா கொண்டுவந்தார். இன்னொரு முறை ஓடாத ஃபேன். அந்தக் கோடை விடுமுறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, இரண்டு கேன் கடல் தண்ணீர், ஒரு கல்.

கல் இல்லையாம், பவளமாம். மாமா அப்போது மெட்ராஸில் அலங்கார மீன் கடையில் வேலை செய்தார். சுருங்கிவிட்டது, வீசிவிடு என்று முதலாளி சொன்னதை, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் எங்கள் ஊர்ப் பக்கத்து பங்காருப்பேட்டை ஸ்டேஷன் வரை வந்துவிட்டார். பெங்களூரில் ஒரு பங்களாக்காரர் தன் வீட்டுக் கடல் தொட்டியைக் கவனிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். இதைப் பிழைக்கவைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து காட்டினால் மாமாவுக்கு அந்த வேலை. சனிக்கிழமை வரை மாமாவுக்கு மெட்ராஸில் வேலை இருந்ததால், பவளம் எங்கள் வீட்டில்.

அப்பா எட்டிப் பார்த்தார். "கல்லுக்கு வேலக்காரனா போறியா மச்சான்?"

"உசுரு கீதுங்க. சோறு துன்னும்."

"துன்னுட்டு கை கழுவுமா?"

பொறுப்பு என்னிடம் வந்தது. பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் படக்கூடாது. மதியம் ஊறவைத்துக் கழுவிய சென்னாக்குனி, அந்தப் பொடி இறால் கருவாடு, ஒன்றை அதன் வாயருகே மெல்ல வைக்கவேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்றவேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும் என்றார் மாமா. அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. திங்கட்கிழமையே ஒரு கை கல்லுப்போடு தொட்டியருகே பிடிபட்டாள். "பாவம்டா, சப்புனு பூடும்" என்றாள்.

ஆனால் அது சுரங்கத்தில் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம்; பகலில்தான் தூங்குவார். அந்த வாரங்களில் எங்கள் வீட்டின் ஒரே ஜன்னலில் கம்பளி தொங்கும். ரேடியோ பாடாது. அப்பாவை எழுப்பியவருக்கு அடி நிச்சயம். தொட்டித் தண்ணீருக்குக் காற்று விடும் மோட்டாருக்கு வேண்டிய பிளக் அந்த ஜன்னலடியில்தான் இருந்தது. எனவே பவளமும் இருட்டில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை அதன் பச்சைச் சதை ஒடுங்கி, வெள்ளை விளிம்புகள் தெரிந்தன. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா, உங்க ஊட்டுக் கல்லு எப்போ எழுந்துக்கும்?" என்று கிசுகிசுத்தார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

புதன்கிழமை, கம்பளியின் ஒரு மூலையைத் தூக்கித் துணிக் கிளிப்பால் மாட்டினேன். வெளிச்சம் பாதி தொட்டியிலும் பாதி அப்பாவின் முகத்திலும் விழுந்தது. அவர் புரண்டு படுத்தார். ஒரு மணி நேரத்தில் பவளம் பூரி போல உப்பி, சின்னச் சின்ன விரல்களை நீட்டியது. நான் என்னை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அப்பா எழுந்து வந்தார். அடிக்குத் தயாராகி நின்றேன். அவர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு தொட்டி முன் குந்தினார்.

"எங்க, போடு பாக்கலாம்."

சென்னாக்குனியை அதன் வாயருகே வைத்தேன். வாய் திறந்தது. அது மெதுவாக உள்ளே போனது.

"அட, துன்னுது! ஏய், இங்க வந்து பாரு!"

கம்பளியை அவரே முழுதாகக் கழற்றினார். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டார்கள். அத்தை மூன்று தடவை வந்தார்.

அதன்பிறகு தினமும் மதியம் அப்பா தானாகவே எழுந்தார். "சோறு போட்டுட்டியா, நைனாவ உட்டுட்டு?" என்பார். தோள் உரச இருவரும் குந்தியிருப்போம். "படுங்க, ராத்திரி கீழ எறங்கணும்" என்று அம்மா பின்னால் நின்று சொல்வாள். "இருடி, மெல்லுது" என்பார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். விரிந்திருந்த பவளத்தைப் பார்த்து என்னைத் தூக்கிச் சுற்றினார். அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. பிறகு பல வருடங்கள் அந்த பங்களாவிலேயே இருந்தார்.

பவளத்தின் மேல் அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மற்ற நைட் ஷிப்ட் வாரங்களில் நாங்கள் சேர்ந்து உட்கார ஒரு வேளைகூட இருந்ததில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அரைத் தூக்கத்தோடு கேஜ் என்ற கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கப் போகிற அப்பாவை, அந்த வாரம் மட்டும் அம்மா வாசலுக்கு வந்து, தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.