பஸ் வராத ஸ்டாப்பில் முப்பத்தெட்டுப் பேர்

எங்கள் ஊருக்கு பஸ் விடுவது பற்றி ஓசூரில் நடந்த கூட்டத்தில் போக்குவரத்து அதிகாரிகள் இருந்தார்கள். வீட்டில் முதலில் படித்தவன் என்று ஊர் அனுப்பிவைத்த நானும் இருந்தேன். கம்பெனி ஷிப்டுக்குப் போயிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் இல்லை.

"உங்க ஸ்டாப்புல எண்ணிப் பாத்தோம் தம்பி, ஒரு ஆளு இல்ல. அப்புறம் பஸ் எதுக்கு?"

"பஸ்ஸே வராத ஸ்டாப்புல யாரு சார் நிப்பாங்க? எல்லாரும் மெயின் ரோட்டுக்கு நடந்து போய் ஏறுறாங்க."

மறுபடி எண்ணியே ஆக வேண்டும் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

எண்ண வந்த அன்று ஒருத்தியும் மெயின் ரோட்டுக்கு நடக்கவில்லை. விடிந்ததும் அம்மாவையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பெண்கள் ஸ்டாப்பில் நின்றார்கள்.

"ஷிப்ட் போயிடுமேம்மா" என்றார் எண்ண வந்தவர்.

"போவட்டும். நீ மொதல்ல எண்ணுப்பா" என்றாள் அம்மா.

அவர் முப்பத்தெட்டு என்று எழுதும்வரை யாரும் நகரவில்லை. அன்றைய கூலி ஆளுக்கு ஐநூறு. எல்லோருக்குமாகப் போனது பத்தொன்பதாயிரம் ரூபாய்.