முத்துச்செல்விக்குப் போன கேக்

ஒரகடம் கூட்டுரோட்டில் தாத்தா பேக்கரி வைத்திருந்தார். அம்மாவின் அப்பா. பூந்தமல்லியில் யாருடைய கடையிலோ பதினெட்டு வருடம் ரொட்டி சுட்டுவிட்டு, எங்கள் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் சொந்தமாக அடுப்பு போட்டவர். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு டீயும் பன்னும். கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கும் அதே பன். கல்லாவுக்கு மேலே வேளாங்கண்ணி மாதா படம். மாதாவும் முருகனும் கூட்டு சேர்ந்துதான் கடையை நடத்துகிறார்கள் என்பார்.

ஆனால் அவர் பேர் எடுத்தது பிறந்தநாள் கேக்கில். எண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டி, கிரீமை நிரப்பி, கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் பெயரை எழுதி முடிப்பார். ஹாஸ்டல்களில் தங்கி வேலை பார்த்த தெற்கத்திப் பெண்கள் அதைப் போனில் படம் பிடித்த பிறகுதான் வெட்ட விடுவார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் என் பிறந்தநாள் சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் கண்ணாடி அலமாரியில் என் கேக் மட்டும் இருந்தது. பெயர் எழுத வேண்டியதுதான் பாக்கி. நான் அதைக் காவல் காத்துக்கொண்டு நின்றேன். அப்போது கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“தாத்தா, ஒரு கேக்கு வேணும். என் ரூம்ல இருக்க பிள்ளைக்கு இன்னைக்கிப் பொறந்தநாளு. கான்ட்ராக்ட்டு முடிஞ்சி இன்னைக்கே ஊருக்குப் போறா, இனி வரமாட்டா. இல்லைன்னு சொல்லிராதிய.”

தாத்தா என்னைப் பார்த்தார். நான் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தேன்.

“அந்தப் பொண்ணுக்கு இந்த ஊர்ல இன்னா கீது கண்ணு, நாலு கூட்டாளிங்கதான். உனக்கு நாளைக்கே வேற போட்டுத் தரேன்.”

நான் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். காதைத்தான் திருப்ப முடியவில்லை.

“பேரு இன்னாம்மா?”

“முத்துச்செல்வி.”

“நீயே எழுது. உன் கையால எழுதுனா அது சந்தோசப்படும்.”

என் கேக்கையும் கொடுத்து, கூம்பையும் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். தாத்தாவும் சாப்பிடவில்லை என்று அம்மா வந்து சொன்னாள். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் தாத்தா நேராக அடுப்புக்குப் போனார். முந்தைய நாள் கேக்கைவிடப் பெரிதாக, ஓரமெல்லாம் ரோஜாப்பூ வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தார். பள்ளிக்கூடத் தோழிகள் வரும் நேரம்.

“பேரு நீயே எழுதறியா கண்ணு?”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. “ஊர்ல எல்லாருக்கும் எழுதுவ, எனக்கு எழுத மாட்டியா? நீதான் எழுதணும்.”

தாத்தா கூம்பைக் கையில் எடுத்தார். பிறகு வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினார். என் பெயர் மூன்றே எழுத்துதான். முதல் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது, இரண்டாவது அதன்மேல் ஏறியது, மூன்றாவது ரோஜாப்பூவில் போய் முட்டிக்கொண்டது.

“கண்ணாடி எடுத்துனு வர்ல கண்ணு” என்று சிரித்தார்.

வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. வாசலில் தோழிகளின் குரல் கேட்டது. ஒரு கரண்டியை எடுத்து என் பெயரை வழித்து எடுத்தேன். தாத்தா பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை. ரிப்பன் கட்டிய கத்தியை என்னிடம் நீட்டி, “இப்ப நல்லா கீது, வெட்டு” என்றார்.

கை நடுக்கத்தைப் பல மாதமாக அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது பின்னால்தான் தெரியவந்தது. திங்கட்கிழமையிலிருந்து கடையில் கேக்குகளுக்கு மாமாதான் பெயர் எழுதினார். இரண்டு வருடத்தில் தாத்தாவுக்கு டீ டம்ளரைப் பிடிக்கவும் இன்னொருவர் கை வேண்டியிருந்தது. அதற்கடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். இன்று எந்த ஊர்ப் பேக்கரியிலும் என் பெயரை அழகாக எழுதித் தருகிறார்கள். எனக்கு அந்தக் கோணல் எழுத்துதான் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு நான் கரண்டியில் ஒட்டியிருந்ததை நக்கிக்கொண்டே மெழுகுவர்த்தியை ஊதப் போனேன். தாத்தா எழுதிய கடைசிப் பெயர் அது என்று எனக்குத் தெரியாது.