ராகலையிலிருந்து எங்கள் லயத்துக்கு வந்த மர வளைவு

ஐப்பசி மாதத்து முதல் சனிக்கிழமை நானும் என் மனைவி செல்லம்மாவும் ராகலைக்குப் போனோம். கோயிலுக்கா, கல்யாணத்துக்கா என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னேன்: வீட்டுக்குள் நிறுத்த ஒரு மர வளைவு வாங்கப் போகிறோம். சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதே காரியமாகப் போக நினைக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பள்ளிக்கூட வாத்தியார். செல்லம்மா கொழுந்து பறிக்கிறாள். தோட்டம் தந்த லயத்தில், கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில்தான் குடித்தனம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. வாசலில் நிற்பவருக்கு எங்கள் குழம்புச் சட்டி வரை தெரியும். சென்ற வருடம் சாமி படத்துக்கு ஒரு பலகை அடித்தேன். துரைக்குக் கீழே தோட்டத்தைப் பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து அதைப் பிடுங்கிப் போட்டார். “இது தோட்டத்துச் சுவரு வாத்தியாரே. இன்னொரு ஆணி அடிச்சீங்கன்னா அறையைக் காலி பண்ண வேண்டியதுதான்” என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தேயிலை விலை விழுந்ததில் ராகலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தை மூடி, அதன் பங்களாவைப் பிரித்து விற்கிறார்கள் என்று அட்டன் கடைத்தெருத் தச்சர் சொன்னார். அங்கே கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் பலா மரத்தில் ஒரு வளைவு இருக்கிறதாம். எல்லாம் மரமுளையும் ஆப்பும்தான், ஓர் ஆணி கிடையாதாம். ஆணி கிடையாது என்றதும் செல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஐந்து மைல் நடந்து அட்டன் ஸ்டேஷன் சேர்ந்தோம். ஏழே காலுக்கு ரயில். நானுஓயா இருபத்தொரு மைல். ஒன்றரை மணி நேரம். அங்கே இறங்கிச் சின்ன ரயில் ஏற வேண்டும். நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்குப் பத்தொன்பது மைல். மூன்றாம் வகுப்பில் இரண்டு பேருக்கும் போக மட்டும் ஒரு ரூபாய் நாற்பது சதம். நானுஓயாவில் தூறல் பிடித்துக்கொண்டது. செல்லம்மா எங்கள் அறையின் உயரத்துக்கு முடிச்சுப் போட்டு வைத்திருந்த கயிறு, என் தோளில் கிடந்து நன்றாக ஊறிவிட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராகலையிலிருந்து பங்களாவுக்கு இரண்டரை மைல் ஏற்றம். வாசலில் தலைப்பாகை கட்டிய காவல்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“சுத்திப் பின்பக்கமா வாங்க” என்றார்.

“வளைவு முன்கூடத்துலதானே இருக்கு?” என்றாள் செல்லம்மா.

“இது தொரைமாருங்க வர்ற வாசல்மா.”

“தொரை எங்க?”

“சீமைக்குப் போயி ஆறு மாசமாச்சு.”

“அப்புறம் யாருக்குங்க இந்த வாசலைக் காத்துக்கிட்டு இருக்கீங்க?”

மனிதர் நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டார். நாங்கள் முன்வாசல் வழியாகவே போனோம்.

வளைவு அழகென்றால் அப்படி ஓர் அழகு. இரண்டு பக்கமும் தூண், தூணில் கொடி, மேலே அரைவட்டம். கயிற்றை வைத்துப் பார்த்தால் ஒரு சாண் உயரம் அதிகம். மேலே கூரை விட்டத்தில் முட்டி நின்றால்தான் ஆணியில்லாமல் அசையாது நிற்கும். அதற்கு உயரம் சரியாக இருக்க வேண்டும். பிரித்துக்கொண்டிருந்த ஆசாரியிடம் சொல்லி இரண்டு தூணின் அடியிலும் ஒரு சாண் அறுத்துவிட்டோம். விலை பன்னிரண்டு ரூபாய், அறுத்ததற்குத் தனியாக ஐம்பது சதம். ராகலை ஸ்டேஷனுக்கு ஏற்றிவந்த சிங்கள வண்டிக்காரர், “மாத்தயா பங்களா கட்டுறதா?” என்று என்னை ஐயா போட்டுக் கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் சொல்லக் கூடாது?

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் வளைவுக்கும் விட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி! நனைந்த கயிறு சுருங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வாத்தியார் நான், அவமானமாக இருந்தது. செல்லம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. ஆற்றிலிருந்து ஒரு சாண் கனத்தில் இரண்டு தட்டைக் கற்களைக் கொண்டுவந்து தூண்களின் கீழே வைத்தாள். மேலே ஆப்பு இறுக்கியதும் அசையாமல் நின்றது. இப்போது அடுப்பு ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எங்களுக்கு ஒரு கூடம் வந்துவிட்டது.

கண்டாக்கு ஐயா வந்தார். சுவரெல்லாம் தடவிப் பார்த்தார். ஆணி இல்லை. மறுநாள் எங்கள் தோட்டத்துத் துரையையே கூட்டிவந்தார்.

“இது பங்களா சாமான்” என்றார் துரை. “லயத்துக்கு வேணாம்.”

“பங்களாவுல இருந்தப்ப பங்களா சாமான், தொரை. இப்ப எங்க வீட்டுச் சாமான்” என்றாள் செல்லம்மா.

துரையின் முகம் சிவந்துவிட்டது. “மாசக் கடைசிக்குள்ள இது வெளிய போகணும். இல்லேன்னா வாத்தியார் வெளிய போகணும்.”

பயமாகத்தான் இருந்தது. வேலையும் போகும், அறையும் போகும். ஆனாலும், “வளைவு போகாதுங்க” என்று சொல்லிவிட்டேன். என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம்.

போக நினைப்பவர்களுக்கு: அளவெடுக்கக் கயிறு வேண்டாம், மூங்கில் குச்சி கொண்டுபோங்கள். சின்ன ரயிலின் பாதை குறுகலானது. நானுஓயாவில் சாமானை இறக்கிப் பெரிய ரயிலில் மறுபடி ஏற்ற வேண்டும், கூடவே நில்லுங்கள். முளைகளுக்கு எண் போட்டு வையுங்கள். ஐப்பசியில் போகாதீர்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சொல்பவரிடம் யோசனை கேட்காதீர்கள்.

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வளைவைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம்: நாற்பது நிமிடம். திரும்ப நிறுத்த ஒரு மணி நேரம். இப்போதைக்கு நின்றுகொண்டுதான் இருக்கிறது. வெளியே போ என்றால் போவோம், வளைவைத் தலையில் வைத்துக்கொண்டு, துரை பங்களாவின் முன்பாதை வழியாக. அந்த வழியில் அட்டனுக்கு ஒரு மைல் குறைவு.