முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய நாள்

பாலைவனத்துக்குக் கீழே கடலோரமாக இருக்கிற எங்கள் ஊர் டோக்கோப்பியா. அதன் அனல் மின் நிலையத்தில் எலியேசர் தாப்பியா இருபத்தெட்டு வருடம் பார்த்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு முள்ளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஜெனரேட்டர் கம்பிகளுக்கு எத்தனை மெகாவாட் தருகிறது என்று காட்டுகிற முள் அது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் போச்சு. தரவேண்டிய இயந்திரம் கம்பியிலிருந்து உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நீராவிச் சக்கரத்தின் இறக்கைகள் வெந்துவிடும். நான்கு தடவை அப்படி ஆகியிருக்கிறது. நான்கு தடவையும் தானியங்கிப் பாதுகாப்பு விழித்துக்கொள்வதற்குள் ஜெனரேட்டரைக் கம்பியிலிருந்து துண்டிக்கிற சிவப்புப் பொத்தானில் அவர் கை இருந்தது. ஊரில் எங்களுக்கெல்லாம் அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் கர்வமே உண்டு.

பிறகு நிலக்கரிக் கப்பல் வருவது நின்றது. மேலே பாலைவனம் முழுக்கச் சூரியத் தகடுகள் வந்தாயிற்று, அடுப்பை அணைத்துவிட்டார்கள். நூற்று முப்பது பேரில் ஆறு பேர் மட்டும் தங்கினார்கள், ஒரு பரீட்சைக்காக. தகடுகள் மின்சாரம் தரும். ஆனால் எங்கோ ஒரு மின்தடம் அறுந்தால் மொத்த மின்வலையும் ஆடிப்போகும். அதைத் தாங்கிப்பிடிக்கக் கனமாக ஏதாவது சுழன்றுகொண்டே இருக்கவேண்டும். அதனால் பழைய ஜெனரேட்டரை நீராவிச் சக்கரத்திலிருந்து கழற்றி, பாலைவனத்து மின்சாரத்தையே கொஞ்சம் ஊட்டிச் சுழலவிடுவது என்று திட்டம். தேறினால் ஆறு பேருக்கும் வேலை. தேறாவிட்டால் ஜெனரேட்டர் பழைய இரும்புக் கடைக்கு, இவர்கள் வீட்டுக்கு.

“நெருப்பில்ல, ஆவியில்ல, சும்மா சுத்திக்கிட்டே இருக்கறதுக்குச் சம்பளமா?” என்று எலியேசர் சிரித்தார்.

“உங்க மச்சான் நகராட்சில இருவது வருஷமா அதத்தானே பண்றாரு?” என்றாள் பக்கத்து மேசை செல்மிரா.

பரீட்சை நாள் காலை, நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று வந்ததும் ஜெனரேட்டரைக் கம்பியோடு இணைத்தார்கள். முள் மெல்லப் பூஜ்யத்தைத் தாண்டி மைனஸ் இரண்டுக்குப் போனது. பட்டென்று ஒரு சத்தம். எலியேசரின் கை சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது.

“எலியேசர் ஐயா! என்ன பண்ணிட்டீங்க?” என்று அலறினாள் எஞ்சினியர் பௌலினா.

“முள்ளு கீழ போச்சும்மா...”

“இனிமே அது கீழதான் இருக்கும்! சுத்தறதுக்கு அது எடுத்துக்கிட்டுத்தானே ஆகணும்?”

அவருக்கும் தெரியும். மூன்று மாதப் பயிற்சியில் அதை எழுதித் தேறியவர்தான்.

“தலை பாஸ் பண்ணிருச்சு, கைதான் வகுப்புக்கே வரல” என்றாள் செல்மிரா. யாரும் சிரிக்கவில்லை. மின்வலை அலுவலகத்திலிருந்து போன் வந்தது: மூன்று மணிக்கு இன்னொரு தடவை, அதோடு சரி.

“வேற யாராவது உக்காரட்டுமா?” பௌலினா தயங்கித்தான் கேட்டாள்.

எலியேசருக்கு அவமானத்தில் காது சிவந்தது. “கெடுத்தது நான். நானே உக்கார்றேன்.”

செல்மிரா பெரிய கோப்பை நிறையக் கொதிக்கிற டீயை ஊற்றி அவரிடம் திணித்தாள். “ரெண்டு கையாலயும் புடிங்க. சிந்துச்சுன்னா உங்க தொடைதான் வேகும்.”

மூன்று மணி. முள் இறங்கியது. அவர் வலது கை பொத்தானுக்குத் தாவப் பார்த்தது, டீ விளிம்புவரை தளும்பியது. மைனஸ் இரண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிக் கட்டமாக, பாலைவனத்தில் ஒரு பெரிய சூரிய வயலை வேண்டுமென்றே துண்டித்தார்கள்.

முள் துள்ளியது. பூஜ்யத்தைத் தாண்டி ஒன்பதுக்கு ஏறியது. பாய்லர் ஆறு மாதமாக ஜில்லென்று கிடக்கிறது, ஒரு கரண்டி கரி எரியவில்லை. ஆனாலும் அந்த இயந்திரம் தன் சுழற்சியிலிருந்தே கிள்ளிக் கொடுத்தது, இரண்டே இரண்டு விநாடி. ஊரில் ஒரு விளக்கும் கண் சிமிட்டவில்லை. அதற்குள் வலை சுதாரித்துக்கொண்டது. முள் பழையபடி மைனஸ் இரண்டில் போய் உட்கார்ந்தது.

எலியேசருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “பாத்தியா செல்மிரா? குடுத்துச்சு! நெருப்பே இல்லாம குடுத்துச்சு!”

“தேறிட்டோம்!” என்று பௌலினா போனை வைத்துவிட்டுக் கத்தினாள். மற்றவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எலியேசர் கோப்பையை வைத்துவிட்டு ஜெனரேட்டர் கூடத்துக்கு இறங்கிப் போனார். கால் வைத்த இடமெல்லாம் அதிர்ந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்தும் இதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டதே என்று மலைத்து நின்றார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, அந்த வலது கையை அதன் விலாவில் வைத்தார்.

“மன்னிச்சுக்கப்பா,” என்றார், “காலைல உன்ன நம்பாம நிறுத்திப்புட்டேன்.”