பேர் சொல்லாதது

என் வீட்டுக்காரருடைய தகரப் பெட்டியை நேற்றுத்தான் திறந்தேன். வேட்டிகளுக்கு அடியில், ஒரு முனை கருகிய வசம்புத் துண்டு கிடந்தது. எங்கள் கொல்லிமலையில் வசம்பைப் பேர் சொல்லிக் கேட்க மாட்டோம். "பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க" என்றுதான் கடையில் கேட்போம். அதைச் சுட்டு, உரசி, நாக்கில் தடவினால் குழந்தைக்குப் பேச்சு வரும் என்பது நம்பிக்கை.

மகளுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. நாமக்கல்லில் ஒரு டாக்டர் பொறுமையாகப் பார்த்துவிட்டு 'ஆட்டிசம்' என்றார். பயிற்சி கொடுக்கலாம் என்றும் சொன்னார். அந்த முதல் சொல்லுக்குப் பிறகு எங்கள் காதில் எதுவும் ஏறவில்லை. பஸ் வளைவுகளில் ஏறும்போது என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் பேசினார். "அந்தப் பேரை ஊட்டுல யாருகிட்டயும் சொல்லாத." எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சொல்லாவிட்டால் போய்விடும் என்று நினைத்த மடச்சி நான்.

மறுநாள் காலையிலிருந்து வசம்பு. விளக்கில் சுட்டு, கல்லில் உரசி, கருப்பு மையை விரலில் எடுத்து வருவார். அவள் அலறுவாள். முகத்தை யார் தொட்டாலும் அவளுக்குத் தாங்காது. அது அப்போது தெரியாது என்று நான் சொல்லலாம். அலறல் காதில் விழுந்ததே, அது தெரியாதா? அவள் கைகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது நான்தான். "இன்னைக்கு ஒரு நாளுதான் சாமி" என்று தினமும் சொன்னோம். ஒருநாள் அவர் விரலை ரத்தம் வரக் கடித்துவிட்டாள். அவர் அதைப் பார்க்காமல், அவள் உதட்டிலிருந்த கருப்பைத் துடைக்கக் குனிந்தார். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள். அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

நாங்கள் அதோடு நிறுத்திவிட்டோம். டாக்டர் சொன்ன பேரையும் ஒளிக்காமல் சொல்லப் பழகினோம். அவள் மட்டும் நிறுத்தவில்லை. அப்பா பக்கத்தில் வந்தாலே கை வாய்க்குப் போய்விடும். ஏழு வருடம் அப்படித்தான். தோட்டத்திலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டுவார். "ஒண்ணுமில்ல கண்ணு, அப்பன் கையில ஒண்ணுமில்ல பாரு." அவள் கை இறங்கினால் மரவள்ளிக் கிழங்கை மசித்து ஊட்டுவார். இறங்காத நாளில் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். கையைப் பிடித்த என்னிடம் அவள் ஒருநாளும் பயந்ததில்லை. என் பங்குத் தண்டனையையும் அவரே வாங்கிக்கொண்டார்.

போன தை மாதம் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். கூடத்தில் கிடத்தியிருந்தவரின் முகம் பார்க்க மகளை அழைத்துப் போனேன். பார்த்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாருங்க, பேச்சு வராத புள்ளைக்கும் அழுகை வருதுங்க" என்று அவருடைய அக்கா விம்மினார். நான் மறுக்கவில்லை. அவருடைய கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். விரித்துக் காட்ட அவரால் முடியாது.

நேற்று அந்தத் துண்டோடு உட்கார்ந்திருந்தபோது மகள் வந்து நின்றாள். அவள் கை வாய்க்குப் போனது, முதல் முறையாக என்னைப் பார்த்து. பதறிப்போய் அதை அடுப்பில் எறிந்தேன். புத்தி கெட்ட வேலை. வீடெல்லாம் வசம்பு சுட்ட அதே மணம். உள்ளங்கைகளை விரித்தேன். "ஒண்ணுமில்ல கண்ணு, அம்மா கையில ஒண்ணுமில்ல."

அவள் கையை இறக்கவில்லை. நானும் இறக்கவில்லை.