ரீயூனியன் கவிஞருடன் சேந்தமங்கலத்தில்

வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பது. சேலம் சந்திப்பில் இறங்கியதும் முதலில் பார்த்தது மஞ்சள் பெயர்ப்பலகை. சோலேன் அதன் அருகே போய் எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

சோலேன் முத்துசாமி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சியிலுள்ள ரீயூனியன் தீவுக்காரர். பிரெஞ்சில் எழுதும் கவிஞர். கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறிய முப்பாட்டன் சேலம் பக்கத்தவர் என்பது மட்டுமே குடும்பத்தில் தங்கிய செய்தி. கடவுச்சீட்டு பிரான்சுடையது, வீட்டுப் பேச்சு கிரியோல், பெயர் தமிழ். இந்த மூன்றுக்கும் நடுவே தான் யார் என்பதுதான் அவர் எழுதிவரும் நூல். அதற்காக ஓர் இலக்கிய அமைப்பு அவரை ஒரு மாதம் சேந்தமங்கலத்தில் தங்கி எழுத அழைத்திருந்தது. புதுச்சேரியில் நிருபராக இருந்தபோது பிரெஞ்சு கற்றவன் என்பதால், முதல் வாரம் மொழிபெயர்க்க நானும் போனேன்.

வாடகைக் கார் 2,200 ரூபாய். ராசிபுரம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இருபுறமும் மரவள்ளிக் காடுகள், நீள நீளமான கோழிப்பண்ணைகள். ஓட்டுநர் மணி முன்பு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றியவர்.

"அம்மா மொகம் நம்மூரு மொகமாட்டவே இருக்குதுங்க, தமிழ் வராதுங்களா? நானெல்லாம் ஆறே மாசத்துல இந்தி கத்துக்கிட்டனுங்க."

மொழிபெயர்த்தேன். "மறக்கவே எங்களுக்கு நூற்றைம்பது வருடம் பிடித்தது என்று சொல்லுங்கள்" என்றார் சோலேன். மணி விழுந்து விழுந்து சிரித்தார்.

தங்கும் இடம் கோழிப்பண்ணை உரிமையாளர் செங்கோட்டுவேலின் தோட்டத்து வீடு. கொல்லிமலை சன்னலுக்கு நேர் எதிரே தெரிந்தது. அவர் மனைவி சரோஜா வெள்ளி டம்ளர்களில் காபி கொண்டுவந்தார்.

"முத்துசாமிங்கறது எங்க தாத்தன் பேருங்க. கடல் தாண்டிப் போன நம்மாளுக வாரிசுதான், சந்தேகமே இல்லீங்க" என்றார் செங்கோட்டுவேல். ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. பங்காளிகள் எல்லோரும் வருவார்கள். சோலேன் கோயிலுக்குள் நின்று கவிதை வாசிக்க வேண்டும். "யாருன்னு கேட்டா, 'நம்ம பொண்ணு'ன்னு சொல்லுவேன்."

அந்த இரண்டு சொற்களையும் சோலேன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். அழுதார். அன்று மாலையே கவிதையைத் தொடங்கிவிட்டார். முப்பாட்டன் நின்ற மண்ணில் நின்று அதை வாசிக்கத்தான் வந்தேன் என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம், இலைமுன் உட்கார்ந்திருந்தபோது, "அங்கெல்லாம் சாமி கும்பிடறதுண்டுங்களா?" என்று செங்கோட்டுவேல் கேட்டார். சோலேன் உற்சாகமானார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் கொட்டடிக்கும் குடும்பம். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். வைக்கோல் தீயில் காய்ச்சி அடிப்பார்கள். ஊர்வலத்தில் சாமிக்கு முன்னால் போவது அவருடைய தாத்தாதான். சொல்லிக்கொண்டே மேசையில் விரல்களால் அடித்துக் காட்டினார்.

ரசக் கரண்டியோடு சரோஜா நின்றுவிட்டார்.

"தப்பட்டைங்களா?" என்று செங்கோட்டுவேல் என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மோர் வரும் முன்பே இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை காலை எனக்கு வெள்ளி டம்ளரில் காபி வந்தது. சோலேனுக்கு, அவர் அறை வாசற்படியில், காகிதக் கோப்பையில்.

"கோயில்ல பெயிண்ட் அடிக்கறாங்க. நாளைக்கு அந்தம்மா வரவேண்டாம், தூசி ஒத்துக்காதுன்னு சொல்லீருங்க சாமி" என்றார் செங்கோட்டுவேல். குரலில் கோபமே இல்லை.

"பெயிண்ட் வாசம் எனக்குப் பிடிக்கும், அங்கேயே வாசிக்கிறேன்" என்றார் சோலேன். அதன்பிறகு நான் விளக்க வேண்டியிருந்தது. தப்பட்டை என்கிற பறை இங்கே யாருடையது, அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எதுவரை வரலாம். அவர் தீவில் கொட்டடிப்பவரைக் கண்டால் எழுந்து நிற்பார்களாம். நான் பேசி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்று நீங்கள் எதில் குடித்தீர்கள்?"

"வெள்ளி டம்ளரில்."

இருபத்தெட்டு ஆண்டுகள் செய்தி எழுதியிருக்கிறேன். இதைப் போன்றவற்றையும் எழுதியிருக்கிறேன்.

அமைப்பினரிடம் பேசி, மீதி நாட்களுக்கு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அறை பிடித்தோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு மணி கார் கொண்டுவந்தார். விடைபெறும்போது சரோஜா கதவுக்குப் பின்னால் நின்றார். செங்கோட்டுவேல் கோயிலுக்குப் போய்விட்டிருந்தார்.

இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் செங்கோட்டுவேலின் குலதெய்வக் கோயில் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை மேசையில் கேட்ட அதே அடி. சோலேன் காரை நிறுத்தச் சொன்னார்.

"அம்மா, கோயிலுக்குள்ள போகாதீங்க, பிரச்சினை ஆயிரும்" என்றார் மணி.

அவர் உள்ளே போகவில்லை. வாசலுக்கு வெளியே, புளிய மரத்தடியில் ஐந்து பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில், நிழலுக்குச் சற்று வெளியே போய் நின்றார். நரைத்த மீசைக்காரர் ஒருவர் அடியை நிறுத்திவிட்டு, "யாருங்க இவங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறக்கும் முன் சோலேன் சொன்னார்: "நம்ம பொண்ணு."

மீசைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பிடீன்னா வெயில்ல எதுக்கு நிக்கறே சாமி? இப்பிடி நெழலுக்கு வா."

அடுத்த அடிக்குத் தோலைத் தீயில் காய்ச்சிய இடைவெளியில் சோலேன் கவிதையைப் பிரெஞ்சில் வாசித்தார். நான் மொழிபெயர்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. வாசலுக்குள்ளிருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

கோயில் சுவரில் புதுப் பெயிண்ட் இல்லை.